நான்காம் நாள் மழுங்கிய பிளேடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திருத்தக் குறிப்பிலிருந்து பிறந்தது. நான் எழுதும் பத்திரிகையின் பதினேழாம் பக்க மூலையில், எறும்பு அளவு எழுத்தில், "சென்ற இதழில் 'நான்கு நாள்' என்று வந்ததை 'எட்டு நாள்' என்று வாசிக்கவும். தட்டச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்" என்று வந்தது. அது தட்டச்சுப் பிழை இல்லை. அந்த வரியை எழுதியவன் நான். திருத்தத்துக்கு ஒரு திருத்தம் போடக் கேட்டேன், ஆசிரியர் இடம் தரவில்லை. ஆகவே, பக்க அளவு சொல்ல ஆளில்லாத இந்த இடத்தில், கதை என்ற பெயரில் போடுகிறேன். சவரத்தில் என்ன கதை வேண்டிக் கிடக்கிறது என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டலாம். எனக்கு வருத்தமில்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

(அ) உலகில் ஆண்கள் இரண்டு வகை. ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜால் மழிப்பவர்கள், ஒற்றை பிளேடு சேஃப்டி ரேசரால்...

[நிறுத்திவிட்டேன். இது பழைய கட்டுரையின் முதல் வரி. வம்பே இதில்தான் ஆரம்பித்தது.]

(ஆ) அவளுடைய தாடைக்குக் கீழே, விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும்போது மட்டும்...

[வேண்டாம். சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது.]

(இ) ஒரு வீட்டில் ஒரு கணவன், ஒரு மனைவி, கணவனின் அக்கா என்று மூன்று பேர் இருந்தார்கள்.

இது போதும். இங்கிருந்தே போகலாம்.

2

அந்தக் கணவன் ஒரு மாதமிருமுறை இதழில் 'வாங்கலாமா?' என்ற பத்தி எழுதுபவன். குடை, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி என்று எதையாவது ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பயன்படுத்துவான். தினமும் குறிப்பெடுப்பான். கடைசியில் நீதிபதி மாதிரி தீர்ப்பு சொல்வான். அந்தமுறை ஆண்கள் பக்கத்துக்காக ரேசர். முதல் பாதி மாதம் கார்ட்ரிட்ஜ், மறுபாதி சேஃப்டி ரேசர்.

கார்ட்ரிட்ஜைப் பற்றிக் குறைசொல்ல அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் தலை தாடையின் வளைவுக்கு ஏற்பத் தானே வளைந்து கொடுத்தது. ஐந்து பிளேடுகள் வரிசையாகப் போய் வேலையை முடித்தன. தூக்கக் கலக்கத்தில் மழிக்கலாம். கண்ணாடி தேவையில்லை. மின்சாரம் போனாலும் கவலையில்லை.

சேஃப்டி ரேசர் வேறு ரகம். கனமான உலோகக் கைப்பிடி, திருகினால் கழன்றுவரும் தலை, உள்ளே இரண்டு பக்கமும் கூரான மெல்லிய பிளேடு ஒன்றே ஒன்று. அழுத்தக்கூடாது. சாய்வு கொஞ்சம் தவறினாலும் ரத்தம். நல்ல கண்ணாடி வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், நிதானம் வேண்டும். முதல் வாரத்திலேயே அவன் முகத்தில் ஏழு இடங்களில் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அலுவலகத்தில், "புதுசா பூனை வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார்கள்.

குறிப்பேட்டில் இப்படி இருந்தது. முதல் நாள்: பட்டு. இரண்டாம் நாள்: பரவாயில்லை. மூன்றாம் நாள்: இழுக்கிறது. நான்காம் நாள்: உயிர் போகிறது. மூன்று பிளேடு மாற்றிப் பார்த்தான். மூன்றும் அதே பாட்டைத்தான் பாடின. தீர்ப்பு எழுதினான்: "ஒற்றை பிளேடு நான்கே நாளில் மழுங்கிவிடுகிறது. மலிவு என்று நம்பி ஏமாற வேண்டாம். கார்ட்ரிட்ஜே மேல்."

இதழ் வெளியாகி ஒரு வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். "முப்பது வருஷமாக அடுத்தவர் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைப்பவன் நான். என் சொந்த முகத்துக்கு ஒரு பிளேடு எட்டு நாள் வருகிறது. உங்களுக்கு நாலு நாள்தான் வருகிறது என்றால், ஒன்று உங்கள் முகத்தில் முளைப்பது கம்பி. அல்லது உங்கள் பிளேடை இன்னொருவரும் எடுக்கிறார். வீட்டில் விசாரிக்கவும்."

3

அக்கா மாலை நடைக்குப் போயிருந்தாள். அவன் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தான்.

"என் மூஞ்சில கம்பி முளைக்குதாம். கேட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் சரியாத்தான் எழுதியிருக்கார். இன்னொருத்தர் நான்தான்."

"நீ எதுக்கு ரேசர் எடுத்தே?"

"ரேசர் எதுக்கு எடுப்பாங்க? மழிக்கத்தான்."

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்பவள். லென்ஸின் ஓரத்தை மெஷினில் தீட்டி ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. மயிரிழை கூடினாலும் லென்ஸ் உட்காராது, குறைந்தாலும் நிற்காது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில், எடுத்த சாய்விலேயே திருப்பி வைக்கும் கை அது. அதனால்தான் அவனுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று.

[பொய். அவன் பார்க்கவில்லை, அதனால் தெரியவில்லை.]

ஒன்பது வருடங்களாக, கல்யாணமான மறுவாரத்திலிருந்து, தினமும் விடிகாலை ஐந்தரைக்குக் குளியலறைக் கதவைத் தாழிட்டு, சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, மேலுதட்டையும் தாடையையும் கார்ட்ரிட்ஜால் மழித்து வந்திருக்கிறாள். மருத்துவரிடமும் போயிருக்கிறாள், மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறாள். முடி வளர்வது நிற்கவில்லை.

"கார்ட்ரிட்ஜ்ல சீக்கிரம் முடிஞ்சிடும். இருட்டுலகூடப் பண்ணலாம். ஒளிஞ்சு பண்றவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்," என்றாள். "ஆனா அஞ்சு பிளேடும் முடியை இழுத்து இழுத்து வெட்டும். தோலுக்கு அடியில வெட்டுப்பட்டது உள்ளுக்குள்ளயே சுருண்டு வளரும். கட்டி கட்டியா வரும். தலகாணி பட்டாலே வலிக்கும்."

அந்தக் கட்டிகளை அவன் பார்த்திருக்கிறான். சூட்டுக் கட்டி என்று சொல்லி, தண்ணீர் நிறையக் குடி என்று யோசனையும் சொல்லியிருக்கிறான். அவளும் குடித்திருக்கிறாள்.

"உங்க ரேசர் வந்தப்புறம் செல்போன் டார்ச்சைப் பக்கெட் மேல நிக்க வெச்சுப் பண்ணிப் பாத்தேன். ரெண்டு வாரத்துல எல்லாக் கட்டியும் அமுங்கிடுச்சு. நீங்கதான் ஏழு இடத்துல வெட்டிக்கிட்டீங்க. நான் ஒரு இடத்துலகூட வெட்டிக்கல."

அவன் அவளைப் பார்த்தபடி...

[இங்கே ஓரத்தில் பென்சிலில் அவள் கையெழுத்து: "அவன் அவன்னு யாரைச் சொல்றீங்க? இந்த வீட்டுல எனக்கு எத்தனை புருஷன்?"]

4

சரி. நான்தான்.

அவள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. "திருத்தம் போடறதா இருந்தா நடந்ததை அப்படியே போடுங்க. ஒரே பிளேடை ஒரு ஆணும் ஒரு பெண்ணும் எடுத்தாங்க, அதான் நாலு நாள். தனியா எடுத்தா எட்டு நாள் வரும். என் பேரெல்லாம் வேணாம். பெண்ணுங்கிற வார்த்தை மட்டும் இருக்கட்டும். என்னை மாதிரி எத்தனை பேர் குழாயைத் திறந்து விட்டுட்டு நிக்கிறாங்களோ, அவங்க படிக்கட்டும்."

நான் தலையாட்டினேன். மறுநாள் ஆசிரியர், "ஆண்கள் பக்கத்துல இதெல்லாம் எதுக்குங்க? பிழைன்னு ஒரு வரி போட்டு முடிங்க" என்று சொல்லிவிட்டார்.*

(* இந்தக் கதையின் முதல் வடிவத்தில் பழி இத்தோடு ஆசிரியர் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. நடந்தது வேறு. ஆசிரியர் அப்படிச் சொன்னது நான் இரண்டாவது தடவை போய்க் கேட்டபோது. முதல் தடவை அவர் வாயே திறக்கவில்லை. யாரும் கேட்காமலே 'தட்டச்சுப் பிழை' என்று அடித்துக் கொடுத்தவன் நான். பத்தி எழுதுபவன் யார் என்று ஊருக்குத் தெரியும். அவன் மனைவி முகம் மழிக்கிறாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று வெட்கமாக இருந்தது. அவளை நினைத்து வெட்கப்பட்டேன். அப்படி வெட்கப்பட்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.)

இதழ் வீட்டுக்கு வந்தது. அவள் பதினேழாம் பக்கத்தை நின்றுகொண்டே வாசித்தாள். மடித்து மேசைமேல் வைத்தாள். "பிழையா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

5

இப்போது வீட்டின் அமைப்பைச் சொல்லவேண்டும். குளியலறை சின்னது, மங்கலான பல்பு. வாஷ்பேசினும் பெரிய கண்ணாடியும் வெளியே, சாப்பாட்டு மேசைக்கு அருகில், கிழக்குச் சன்னலை ஒட்டி இருக்கின்றன. காலை வெயில் நேராக விழுவது அங்கேதான். படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போகும் யாரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ரேசர் ஒப்பீட்டுக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்டது இதைத்தான். கார்ட்ரிட்ஜ் எடுத்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், முகத்தில் கட்டி வரும். சேஃப்டி ரேசர் எடுத்தால் முகம் வலிக்காது, வெளிச்சத்துக்கு வரவேண்டும். விலை, பிளேடின் ஆயுள், கைப்பிடியின் கனம் என்று நான் போட்ட அட்டவணையில் இதற்குக் கட்டமே இல்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவள் சேஃப்டி ரேசரோடு வாஷ்பேசின் முன்னால் வந்து நின்றாள். தலைமுடியைத் தூக்கிக் கட்டினாள். பிரஷால் சோப்பை நுரைத்து மேலுதட்டிலும் தாடையிலும் பூசினாள். நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ரேசரை அவள் அழுத்தவே இல்லை, அதன் கனத்திலேயே இறங்கவிட்டாள். கடையில் லென்ஸை மெஷினில் தொடவிடும் அதே கை. நுரை வழித்த இடம் பளிச்சென்று வந்தது. அழகாக இருந்தது என்று...

[இந்த வரியை அடித்தவள் அவள்: "அழகா இருந்துச்சுன்னு எழுதாதீங்க. அழகுக்காக அங்க நிக்கல."]

அக்கா பல் துலக்கும் பிரஷோடு வந்தாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், எதையும் பாதியில் விடமாட்டாள்.

"என்னம்மா இது?"

"சவரம் பண்றேன்க்கா."

"கதவைச் சாத்திக்கிட்டுப் பண்ணக்கூடாதா?"

"ஒம்பது வருஷம் அப்படித்தான் பண்ணேன். உள்ள வெளிச்சம் பத்தல."

"யாராவது வந்துட்டா என்ன நெனப்பாங்க?"

"வந்தா நிக்கட்டும்க்கா. நான் முடிச்சதும் மூஞ்சி கழுவிக்கட்டும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், நீ வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டியா?"

கதை மூன்று வாரம் இந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. என் வசனத்தை மூன்று விதமாக எழுதினேன்.

"அக்கா, அது அவ முகம், அவ இஷ்டம்." [அவள்: "நீங்க எப்ப இப்படிப் பேசினீங்க?"]

நான் எழுந்துபோய் அவள் கையிலிருந்த ரேசரை வாங்கி, மறுகன்னத்தை நானே மெதுவாக... [அவள்: "என் மூஞ்சிய ஏழு இடத்துல வெட்டவா?"]

நான் பேசாமல் எழுந்து விளக்கைப் போட்டேன். [அவள்: "வெயில்லயா?"]

உண்மையில் நான் கேட்டது இது: "பேப்பர் வந்துடுச்சா?"

பேப்பர் என் மடியில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் அறைக்குப் போய்விட்டாள். என் மனைவி மட்டும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

6

அன்று மதியம்தான் ஆசிரியரிடம் இரண்டாவது தடவை போனேன். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முடிவுகளும் யோசித்தேன். அக்காவுக்கும் தாடையில் முடி உண்டு, அவளும் ஒருநாள் ரேசரைக் கேட்டு வாங்குகிறாள் என்று ஒன்று. அக்காவுக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்தக் கதையைப் படித்த பெண்கள் கட்டுக்கட்டாகக் கடிதம் போடுகிறார்கள் என்று ஒன்று. கதையே இன்னும் வெளிவரவில்லை. மூன்றாவது முடிவில் அவள் என் தோளில் கைவைத்து, "பரவாயில்ல, விடுங்க" என்கிறாள்.

அந்தப் பக்கத்தை அவள் கிழித்துவிட்டாள். பென்சிலைக் கூட எடுக்கவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதாதீங்க. நான் இன்னும் மன்னிக்கல. எப்பன்னும் தெரியாது."

"அப்ப எப்படித்தான் முடிக்கிறது?"

"நானா எழுதச் சொன்னேன்? நான் கேட்டது ஒரு வரி. நீங்க கதை எழுதிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அந்த ஒரு வரி இதோ: நான் பரிசோதித்த பிளேடை ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பயன்படுத்தினார்கள், அந்தப் பெண் என் மனைவி. கடைசி இரண்டு சொற்களை அவளைக் கேட்டுத்தான் சேர்த்தேன். என் பழைய தீர்ப்பு தவறு. மேலான ரேசர் எது என்று கேட்டால், அவள் கையில் இருப்பது.

முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உங்களிடம் தருகிறேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, எங்களோடு தங்கியிருக்கிறீர்கள். காலை ஆறரை மணி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறீர்கள். அவள் சன்னலோரம் நிற்கிறாள். ஒரு பக்கத் தாடை முடிந்துவிட்டது, மறுபக்கத்தில் நுரை இருக்கிறது. தன் அறை வாசலிலிருந்து அக்கா உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். நான் சொல்லாததை நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை.

என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், செய்யுங்கள். அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது, எட்டு மணிக்கு அவள் கடையில் இருக்கவேண்டும்.