மூன்று சுவர்க் கழிப்பறை

திட்ட மேலாண்மைப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவருக்கும் முடியாத ஒரு வேலையைக் கொடுப்பார்கள். சண்முகக்கனிக்குப் பெண்கள் கழிப்பறையின் சுவரைக் கொடுத்தார்கள்.

கழிப்பறைக்கு மூன்று சுவர்கள் இருந்தன. நான்காவது பக்கம் வராந்தாவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. பதினோரு வருடமாக அந்தச் சுவர் திட்டத்தில் இருந்தது. பதினோரு வருடமாக அந்தத் துறையின் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் படித்தார்கள். ஆசிரியர்கள் அதை நல்லொழுக்கம் என்று பதிவேட்டில் குறித்தார்கள்.

முந்தைய மாணவிகள் சுவருக்கு அட்டவணை போட்டிருந்தார்கள். எந்த வாரம் எந்த வேலை என்று கட்டம் கட்டமாக வரைந்த தாள்கள். அவற்றை வராந்தா நெடுகச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். வேலை ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒரு தாள் கூடும். ஒரு தாள் கூடினால் வராந்தா எட்டடி நீளும். இப்போது வகுப்பிலிருந்து துறைத்தலைவர் அறைக்கு முதல் மணியில் கிளம்பினால், போய்ச் சேரும்போது சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

வழியெல்லாம் ஊசிப்போன பசையின் நாற்றம். கரப்பான்கள் கட்டங்களைத் தின்றுகொண்டிருந்தன. வாரம் தவறாமல் தின்றன. அந்தத் துறையில் குறித்த காலத்தில் நடந்த வேலை அது ஒன்றுதான்.

கனிக்குக் குமட்டியது. ஆனாலும் நடந்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். டிகிரிக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் வேண்டும். 'திட்டம் நல்ல நிலையில் உள்ளது' என்று துறைத்தலைவர் டாக்டர் ஞானசிகாமணி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்.

அவள் போய் நின்றபோது அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்துச் சப்பினார். அதே விரலால் அவளுடைய திட்டக் கோப்பைப் புரட்டினார்.

"எத்தனை மீட்டிங் போட்ட?"

"நாப்பத்தாறு சார்."

"யாரெல்லாம் வந்தாங்க?"

"நாற்காலிங்க சார்."

"சம்மதிச்சுச்சா?"

"மறுக்கல சார்."

"குட்."

மூலையிலிருந்த இரும்பு பீரோவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஏட்டி கனி, சாப்ட்டியா?"

அது ஜெபராணி. கனியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். போன மாதம் வகுப்பில் எழுந்து, "சார், அந்தச் சுவருக்கு எத்தனை செங்கல் ஆகும்?" என்று கேட்டுவிட்டாள். துறைத்தலைவர் அவளை ஆபத்து என்று பதிவு செய்தார். கண்டறிந்த ஆபத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது பாடத்தின் நான்காம் அலகு. அதன்படி பூட்டி வைத்தார். அவளுக்கு வருகைப் பதிவு மட்டும் முழுதாகக் கிடைத்துவந்தது.

"இன்னும் இல்லட்டி," என்றாள் கனி.

"ஆபத்துகூடப் பேசக் கூடாதும்மா," என்றார் துறைத்தலைவர். "எல்லாம் சரியா இருக்கு. வேலையாள் பட்டியல்தான் காலியா கெடக்கு. ஒரு பேரு எழுது. பேரு போதும். ஆள் வர வேண்டாம்."

கனி தன் அம்மாவின் பெயரை எழுதினாள். பேச்சித்தாய். வீட்டுக்குப் போய் அதைச் சொல்லவும் செய்தாள். அவள் செய்த தவறு அதுதான். பட்டியலில் பெயர் எழுதினால் மறுநாள் காலையில் வேலைக்குப் போய் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் சித்தாள் வேலை பார்த்த பேச்சித்தாய்க்கு வேறு வழக்கம் தெரியாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் கல்லூரியில் நின்றாள். தலையில் ஒரு மூட்டை சிமெண்ட். கையில் கரண்டியும், சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டும். கொத்தனார் வராத நாட்களில் தானே கரண்டி பிடித்துப் பழகியவள்.

"எங்கட்டி வேலை?"

"யம்மா, பேரு மட்டுந்தான். வேலை கெடையாது."

"பேரு எழுதிட்டு வரலன்னா நாளைக்கு எவன் கூப்புடுவான்?"

அவள் மூன்று சுவர்களையும் பார்த்தாள். நான்காவது இல்லாததையும் பார்த்தாள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடினாள்.

"இதுக்கா மூணு வருசம் படிக்க?"

"ஆமா."

"இதுல என்னத்தப் படிக்க?"

"கட்டுறதுக்கு முன்னால உள்ளதப் படிக்கோம்."

"முன்னால என்ன உண்டு? கலவையக் கொழைக்கதுதான். மண்வெட்டிய எடு."

செங்கல் கட்டடத்தின் பின்னால் கிடந்தது. பதினோரு வருடமாகக் கிடந்ததில் அதன்மேல் கொடி படர்ந்து பூத்திருந்தது. மணலும் அங்கேயே இருந்தது. நாய்கள் அதில் குடும்பம் நடத்தின. கனி சலித்தாள், குழைத்தாள், சட்டியில் அள்ளிக் கொடுத்தாள். பேச்சித்தாய் நூல் பிடித்துக் கட்டினாள்.

ஒரு வரிசை ஏறினால் வராந்தா சுருங்கியது. தாள்கள் மடங்கி விழுந்தன. கரப்பான்கள் அட்டவணை இல்லாமல் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றன. பத்தாவது வரிசையில் துறைத்தலைவர் அறையின் பெயர்ப்பலகை கண்ணுக்குத் தெரிந்தது. இருபதாவதில் அவர் டீ உறிஞ்சுவது கேட்டது. கடைசிக் கல்லை வைத்தபோது அவர் அறைக்கதவு நாலடி தூரத்தில் இருந்தது. பேச்சித்தாய் கழிப்பறைக்கு விட்ட வாசலில் சிமெண்ட் சாக்கைக் கிழித்துத் திரையாகத் தொங்கவிட்டாள்.

பீரோ உள்ளிருந்து தட்டப்பட்டது. "எத்தனை செங்கல்டி ஆச்சு?"

"எழுநூத்திப் பத்து."

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. ஜெபராணி வெளியே வந்தாள். நேராகச் சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

துறைத்தலைவர் டீக் கோப்பையோடு வெளியே வந்தார். ஈரக் கலவையின் மணம் பட்டதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். பதினோரு வருடத்தில் அவர் அங்கே மூக்கைப் பொத்தியது அன்றுதான்.

"யாரு இதச் செஞ்சது?"

"நாங்கதான் சார்."

"முடிச்சிட்டியா?"

"முடிஞ்சிட்டு சார்."

"அடுத்த வருசப் பிள்ளைங்களுக்கு நான் என்னத்தக் கொடுப்பேன்?"

"கதவு மாட்டணும்யா," என்றாள் பேச்சித்தாய். "அதக் குடுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கனியிடம் நீட்டினார். முதல் பட்டதாரி உறுதிமொழி.

"இதுல கையெழுத்துப் போடு. சுவரு கட்டாததா ஆயிரும். திட்டம் பழையபடி நல்ல நிலைக்கு வந்துரும். டிகிரி இப்பவே தாரேன்."

"என்னட்டி எழுதியிருக்கு?" என்றாள் பேச்சித்தாய்.

கனி சத்தமாக வாசித்தாள். "என் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் எந்த வேலையையும் செய்து முடித்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்."

பேச்சித்தாய் கரண்டியில் காய்ந்திருந்த கலவையை நகத்தால் சுரண்டினாள். சுரண்டி முடிக்க நேரமானது.

"போடு," என்றாள்.

"யம்மா."

"போடுட்டி. செவரு போனா இன்னொண்ணு கட்டிக்கிடலாம். அந்தப் பிள்ள மட்டும் வெளிய வந்துரட்டும், பெறவு போடு."

ஜெபராணி வந்தாள். பத்து நிமிடமாகியிருந்தது. முகம் தெளிந்திருந்தது. கனி பேனாவைத் திறந்தாள். பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். ச.

பேச்சித்தாயின் போன் அடித்தது. எதிர்முனையில் ஒரு பெண் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"பேச்சியக்கா, நீங்க கட்டுன அடுப்படிச் செவரக் காணோம். பருப்பு கொதிச்சிக்கிட்டு இருக்கு. தெருவே நின்னு பாக்கு. நான் நைட்டியோட நிக்கேன்."

"இந்தா வாரேன் தாயி."

கனிக்கு வயிற்றிலிருந்து புளித்துக்கொண்டு ஏதோ மேலே வந்தது. வாந்தி என்று நினைத்தாள். வந்தது மை. துப்பினாள். அது துறைத்தலைவரின் செருப்பில் விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. நகர்த்துவது திட்டத்தில் இல்லை.

அவள் தான் எழுதிய எழுத்தை அடித்தாள். போனில் அந்தப் பெண், "செவரு வந்துட்டுக்கா," என்றாள்.

பிறகு 'யாரும்' என்ற சொல்லை அடித்தாள். 'முடித்ததில்லை' என்ற சொல்லையும் அடித்தாள்.

"அடிச்சா டிகிரி கெடையாது," என்றார் துறைத்தலைவர். "ஏற்கெனவே ஒரு ஆள் முடிச்சிருந்தா நீ எப்படி முதல் ஆள் ஆவ? முதல் பட்டதாரின்னு வாங்குன உன் சீட்டே செல்லாது."

"தெரியும் சார்."

"அடிச்ச இடத்துல விவரம் எழுதணும். முடிச்ச வேலை ஒவ்வொண்ணும். அது விதி."

"எழுதுதேன் சார்."

கனி சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பேச்சித்தாய் சிமெண்ட் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, தான் கட்டி முடித்ததை ஊர் ஊராகச் சொன்னாள்.

"கொக்கிரகுளம். ரெண்டு ரூம்பு, ஒரு அடுப்படி."

கனி எழுதினாள். தாள் ஒரு விரற்கடை நீண்டது.

"பேட்டை. வாத்தியார் வீடு. மாடில தண்ணித் தொட்டி."

மேலும் நீண்டது. உறுதிமொழித் தாள் தரையில் படக் கூடாது என்பது விதி. துறைத்தலைவர் கோப்பையை வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தாள் நீள நீளப் பின்னால் நகர்ந்தார். படிக்கட்டில் பின்புறமாக இறங்கினார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவர் ரோட்டுக்குப் போயிருந்தார். பஸ் ஒன்று அவருக்காக ஒதுங்கி நின்றது.

"இன்னும் எத்தனைம்மா இருக்கு?" என்று தூரத்திலிருந்து கத்தினார்.

பேச்சித்தாய்க்கு அது காதில் விழவில்லை. அவள் விரலை மடக்கி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"டவுண்ல சுப்பக்கா வீடு," என்றாள். "மாடிப்படி முழுக்க நான் தனியாக் கட்டுனது. அதத் தனியா எழுதுட்டி."