பன்னிரண்டு பெல்ட்

பதினெட்டு வருஷமாக லாரி ஓட்டுகிறேன். என் வண்டியிலிருந்து ஒரு துரும்பு விழுந்ததில்லை. இரும்புக் குழாய்களைப் பன்னிரண்டு பெல்ட் போட்டு எவ்வளவு இறுக்கினாலும், அரை மணி ஓட்டத்தில் சரக்கு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். அதனால் வழியில் ஓரங்கட்டி மறுபடியும் இறுக்கியே தீருவேன்.

அன்றும் நிறுத்தினேன். துணைக்கு வந்த மச்சினன், "மாமா, இது குழாயா, இல்ல நோயாளியா? இப்படி நாடி பாக்குறீங்க!" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாய மூடிட்டு அந்தப் பக்கம் போய் இறுக்குடா!"

என் பக்கத்து ஆறு பெல்ட்டையும் இறுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். இருந்த கோபத்தில், குடோன் வரை அவன் உட்காரும் பக்கம் திரும்பவே இல்லை.

குடோன் மேற்பார்வையாளர் பெல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார். "வழியில எதுவும் விழலையே?"

"என் வண்டியிலயா? ஒரு ஆணி விழாது சார்!"

அப்போது மனைவி போனில் அலறினாள். "ஏங்க, என் தம்பி யார் போன்லேர்ந்தோ கூப்பிட்டு அழுறான்! நடுரோட்டுல நிக்கிறானாம்!"

மேற்பார்வையாளர் என்னையே பார்த்தார்.

"விழல சார்," என்றேன். "ஏத்தத்தான் மறந்துட்டேன்."