தங்கச்சி யார்கூட போறது

என் தங்கச்சியை ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புற அன்னிக்குத்தான் எங்க அப்பாவுக்குப் பாசம் பொத்துக்கிட்டு வந்துச்சு. மனநல வார்டுல அவ கிடந்தப்போ எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன், அயர்ன் பண்ண சட்டையோட டாக்டர் ரூம்ல எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாரு. ரிட்டயரான கணக்கு வாத்தியார். வீட்டுல சமைச்சுப் போட ஆள் இல்ல. அவ்வளவுதான் விஷயம்.

நான் டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறவ. அன்னிக்குக் காலையில ஒருத்தன் பிரேக் போடச் சொன்னா ஆக்ஸிலேட்டரை மிதிச்சு என் உயிரை வாங்கிட்டான். அந்த எரிச்சல் ஆறுறதுக்குள்ள இவரு மூஞ்சி.

டேபிளுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. இந்தப் பக்கம் எங்களுக்கு மூணு பிளாஸ்டிக் நாற்காலி. தங்கச்சி நடுவுல உட்கார்ந்து, துணிப்பையை மடியில வச்சுக்கிட்டு ஜிப்பைத் திறக்கிறதும் மூடுறதுமா இருந்தா. இங்கேர்ந்து அவ யார்கூட போறாங்கிறதுதான் இப்போ முக்கியம்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டாங்க. பயம் இல்லாத இடமா இருந்தாத்தான் மருந்தும் ஒழுங்கா வேலை செய்யும். இல்லேன்னா திரும்பவும் இங்கதான் வருவா. இந்தத் தடவை அவ பிழைச்சதே பெரிய விஷயம், இன்னொரு தடவையும் காப்பாத்திடலாம்னு யாரும் சொல்ல முடியாது.

"என் வீட்டுக்குத்தான் வருவா"ன்னாரு அப்பா. "இது இவங்க அம்மா வழி வியாதி டாக்டர். அவ தம்பி ஒருத்தனும் இப்படித்தான் புத்தி பேதலிச்சுத் திரிஞ்சான். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. நம்ம கையில என்ன இருக்கு?"

செத்துப்போன எங்கம்மா எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாங்கங்கிற தைரியம். மார்க் குறைஞ்சா இவளை பாத்ரூம்ல தள்ளி, லைட்டை அணைச்சு, வெளிய தாழ்ப்பாள் போட்டாரே, அது யாரு வழியாம்? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறாரு. இதை நான் மனசுக்குள்ள நினைக்கல, அவரு மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்.

டாக்டரம்மா குறுக்கிட்டாங்க. "பரம்பரைக்கும் பங்கு இருக்கு சார். ஆனா ஜீன் இருந்தா மட்டும் போதாது, அது வேலை செய்யணும். எது வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும்னு முடிவு பண்ற மாதிரி அதுமேல சில ரசாயன அடையாளங்கள் இருக்கும். சின்ன வயசுல வருஷக்கணக்கா பயந்துக்கிட்டே இருந்தா அந்த அடையாளங்கள் மாறலாம்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. இவங்களுக்கு அதுதான் காரணமான்னு டெஸ்ட் எடுத்துச் சொல்ல முடியாது." அப்புறம் தங்கச்சி பக்கம் திரும்பினாங்க. "ஆனா மாறினது திரும்பவும் மாற வாய்ப்பு இருக்கு. மருந்து, கவுன்சலிங், நிம்மதியா ஒரு இடம், எல்லாம் சேர்ந்து உதவும்."

எனக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆயிடுச்சு. "கேட்டீங்களா? நீங்க போட்ட தாழ்ப்பாள் இன்னும் அவ உடம்புக்குள்ள இருக்கு."

அப்பா விடல. வாத்தியார் இல்லையா, வேற வழியில கணக்குப் போட்டுக்கிட்டிருந்தாரு. "அப்படின்னா எங்கப்பா என்னை பெல்ட்டால விளாசினாரே, அந்த அடையாளம் என் மேலயும் விழுந்திருக்கும்ல? அதுதான் என் வழியா இவளுக்கு வந்திருக்கும். நான் என்ன பண்ண முடியும்?"

சாமர்த்தியத்தைப் பாருங்க. முதல்ல செத்த பொண்டாட்டி, இப்போ செத்த அப்பன். பழியைத் தூக்கிப் போட இவருக்கு எப்பவும் ஒரு பிணம் வேணும்.

"தலைமுறை தாண்டி வருமாங்கிறது மனுஷங்க விஷயத்துல இன்னும் உறுதியாகல சார்"ன்னாங்க டாக்டர். "அப்படியே வந்தாலும், கதவைச் சாத்தினது நீங்கதானே?"

அவ்வளவுதான், அப்பா விருட்டுன்னு எழுந்துட்டாரு. டாக்டரை விட்டுட்டு என்மேல பாஞ்சாரு. "எல்லாம் நீ மூட்டிவிட்டது. வாயை மூடு."

"நீங்க மூடுங்க உங்க வாயை." நானும் எழுந்தேன். அவரு டேபிளைத் தட்டினாரு, நானும் தட்டினேன். வெளிய மருந்து வாங்க வரிசையில நின்னவங்க வரைக்கும் கேட்டிருக்கும். வாயில வந்ததெல்லாம் சொன்னேன், அம்மா சாவு வரைக்கும் இழுத்தேன். எனக்குள்ள சந்தோஷமாவே இருந்துச்சு. நான்தான் ஜெயிச்சுக்கிட்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தா நடு நாற்காலி காலி. அலமாரிக்கும் சுவத்துக்கும் இடையில, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு குந்தியிருந்தா தங்கச்சி.

"பயப்படாதடி, இவரு உன்னை ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு கையை நீட்டினேன். என் கை பட்டதும் அவ இன்னும் உள்ள ஒடுங்கினா.

டாக்டரம்மாதான் அவ பக்கத்துல தரையில போய் உட்கார்ந்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, தங்கச்சி அவங்ககிட்ட மட்டும் பேசினா. "குணமாகிற பொம்பளைங்க தங்குற விடுதி ஒண்ணு இருக்குன்னு நர்ஸ் சொன்னாங்க. நான் அங்க போறேன்."

"என் வீடு இருக்கும்போது உனக்கு எதுக்குடி விடுதி?" மெதுவாத்தான் கேட்டேன்னு நினைச்சேன்.

"நீ நல்லவதான் அக்கா." அவ நிமிர்ந்தே பார்க்கல. "ஆனா கண்ணை மூடிக்கிட்டா, கத்துறது நீயா அப்பாவான்னு எனக்குத் தெரியல."

அப்பா சட்டையை இழுத்து விட்டுக்கிட்டாரு. "கோபம் மட்டும் இவளுக்கு அப்படியே என்னோடது"ன்னு டாக்டர்கிட்ட சொன்னாரு. நான் நூத்துக்கு நூறு வாங்கிட்டு வந்த மாதிரி முகத்துல ஒரு பெருமை.

அவரைக் கிழிச்சுத் தொங்கவிட எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்துச்சு. தங்கச்சி கதவுகிட்ட செருப்பு மாட்டிக்கிட்டிருந்தா. அவ வெளிய போற வரைக்கும் நான் வாயே திறக்கல.