முள் சரிந்த இடம்

வனஜாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கண்ணுங்களா. தங்கை தாரணி அன்றைக்கு நிஜமாகவே வந்தாளா, இல்லை வராமலே வந்தேன் என்றாளா?

சந்தாபுராவிலிருந்து பஸ் பிடித்து பொம்மனஹள்ளிக்கு வந்தாளாம். கீழே கேட்டில் மணியை அமுக்கி அமுக்கிப் பார்த்தாளாம். போனில் சார்ஜ் இல்லை, திரும்பிவிட்டாளாம். "மாடியில நான் ஒருத்திதான் கெடக்கேன். மணி அடிச்சா எனக்குக் கேக்காதாடி? கதை விடாத" என்று வனஜா சொன்னாள். அதோடு சரி. தீபாவளி போய் சங்கராந்தியும் போய்விட்டது. வீட்டில் குக்கர் விசில் தவிர வேறு சத்தமில்லை.

மனசு கேட்காமல் வனஜா கூப்பிட, எலக்ட்ரீஷியன் கிருஷ்ணப்பா வந்து, நம்பர் காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தார். மணியை அமுக்கினார், அடித்தது. "ஏனூ இல்லம்மா, சரியா இருக்கு. யாராச்சும் வந்தாத்தானே அடிக்கும்?" என்று சிரித்தார். வனஜாவும் சிரித்து வைத்தாள்.

அவர் போனபின் அலமாரி மேலிருந்த முள் மீட்டரை இறக்கினாள். டிபன் தட்டு அகலத்துக்கு முகம் அதற்கு. பொம்மசந்திரா ஃபேக்டரியில் டெஸ்டிங்கில் வேலை பார்த்தபோது, கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தது. மெயினை அணைத்து, மணியைக் கழற்றி, கேட் பட்டனுக்குப் போகும் ஒயரின் இரண்டு முனைகளில் மீட்டரை மாட்டி மேல்படியில் வைத்தாள். கீழே பட்டனை அமுக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே, யார் இருக்கிறார்கள்? டேப் ஒட்டி அமுக்கி வைத்தாள். ஒயர் அறாமல் இருக்கிறவரை முள் எழுந்து நிற்கும்.

ஒயரை விரலால் அசைத்துக்கொண்டே படிப்படியாக இறங்கினாள். நம்பர் என்றால் கிட்டே போய்ப் படிக்க வேண்டும், படிப்பதற்குள் மாறிவிடும். முள்ளுக்கு அந்த வம்பே இல்லை. தலையைத் தூக்கினால் போதும். கேட்டின் கீல் பக்கம் ஒயரைத் தொட்டபோது முள் பொத்தென்று சரிந்து, உடனே எழுந்தது. மறுபடி தொட்டாள். மறுபடி சரிந்தது. கேட்டைச் சாத்தினால் ஒயர் இழுபட்டு விட்டுப்போகிறது, திறந்தால் ஒட்டிக்கொள்கிறது. கிருஷ்ணப்பா பார்த்தபோது கேட் திறந்தே கிடந்தது.

வனஜா படியில் உட்கார்ந்துவிட்டாள். மணி அடிக்காமல் போயிருக்கலாம், அவ்வளவுதான் முள் சொல்லும். தாரணி வந்தாள் என்பதை இவள்தான் நம்ப வேண்டும். நம்பினாள். போன் போட்டாள்.

"ஒயர் விட்டுப் போயிருக்குடி."

"அதைக் கண்டுபிடிக்க இத்தனை மாசமா?"

"நான் பேசினது தப்புதான். எப்ப வர்ற?"

"பசங்களுக்குப் பரீட்சை முடியட்டுங்க்கா. பாக்கலாம்."

தாரணி போனை வைத்துவிட்டாள். வனஜா ஒயரை ஒட்டு போட்டு, பட்டன் டேப்பைப் பிரித்து, மணியை மாட்டி, மெயினைப் போட்டாள். கேட்டை இழுத்துச் சாத்தி, தெருவில் நின்று பட்டனை அமுக்கினாள். மேலே, யாருமில்லாத வீட்டுக்குள், மணி நன்றாகவே அடித்தது.