இடது கை வாள்வீரன்

பரஞ்சோதிக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கதை என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார். பாட்டு எப்படி என்றால் "இருந்துச்சு" என்பார். ஆனால் கதாநாயகன் எந்தக் கையால் கதவைத் திறந்தான், எந்த மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருந்தான் என்று கேட்டால் தப்பாமல் சொல்வார்.

தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டே படம். லூனாஸிலிருந்து கூலிமுக்குப் போய், பேரங்காடியின் மேல்மாடித் தியேட்டரில் பார்ப்பார். எழுபத்து நான்கு வயதிலும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான். அந்த மெத்தை நாற்காலியில்கூட அவர் முதுகு சாய்ந்ததில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் எல்லாரும் வாசலைப் பார்த்து நடக்க, அவர் மட்டும் திரைப்பக்கம் போய் ஓரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவார்.

"என்ன தாத்தா தேடுறீங்க?" என்று பேத்தி சாந்தினி ஒருமுறை கேட்டாள்.

"பின்னால சுவர்தானா, இல்ல ஆள் உட்கார இடம் இருக்கான்னு பார்த்தேன்."

கிழவருக்கு ஒரு பழக்கம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

படங்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயங்கள் இல்லாமல் இல்லை. பழைய படத்தில் சண்டை என்றால் அடிக்கிறவன் யார், அடி வாங்குகிறவன் யார் என்று தெரியும். இப்போது கண்ணைச் சிமிட்டுவதற்குள் பத்து வெட்டு; கை எது, கால் எது என்று தெரியவில்லை. பழைய படத்தில் அழுகை அதிகம், ஒத்துக்கொள்வார். ஆனால் அழுகிறவளுக்கு அழ நேரம் கொடுத்தார்கள். பேய்ப்படம் மட்டும் பழசானாலும் புதுசானாலும் அவருக்குப் பிடிக்காது. பயந்து அல்ல.

"படத்துல வர்ற பேய் எல்லாம் எதையாவது கேக்குது. பழி கேக்குது, நகை கேக்குது. கேட்டதைக் கொடுத்தா போயிடும். அதுக்கு எதுக்குப் பயப்படணும்? ஒண்ணுமே கேக்காம நிக்கிற பேயை எவனும் படம் எடுக்கல."

"அப்படிப் பேய் இருக்கா தாத்தா?"



அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. மகனும் மருமகளும் பினாங்குக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் பரஞ்சோதி, ஞாயிறு வேலைக்கு லீவு போட்டிருந்த சாந்தினி, பெண்டாங்கிலிருந்து கண்புரை ஆபரேஷனுக்கு வந்து பத்து நாளாகத் தங்கியிருந்த அவருடைய தங்கை யோகேஸ்வரி, மூன்று பேர்தான். யோகேஸ்வரிக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாலர் பள்ளியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். படம் பார்க்க மாட்டாள், கச்சாங் கடலை வாயில் வைக்க மாட்டாள். பக்திக்காரி, எதற்கோ நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று குடும்பத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். காரணம் தெரிந்தவர் பரஞ்சோதி ஒருவர்தான்.

கறுப்புக் கண்ணாடியோடு தரையில் உட்கார்ந்து அவள் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். சாந்தினி சோபாவில் படுத்தபடி ஏதோ புதுப்படத்தின் சண்டைக் காட்சியை ஓடவிட்டிருந்தாள்.

"இதுக்குப் பேரு சண்டையா? மிக்சியில போட்டு அரைச்ச மாதிரி இருக்கு" என்றார் பரஞ்சோதி.

"உங்க காலத்துல மட்டும் என்ன தாத்தா? ரெண்டு தாத்தாங்க தகரக் கத்திய வச்சி டிங் டிங்னு தட்டுவாங்க லா."

"தகரமோ தங்கமோ, அவன் வீசுனா காத்துல கோடு தெரியும். தோட்டத்துல ஒரு வாள் படம் போட்டான். பாலத்து மேல சண்டை. எதிராளி கையிலேர்ந்து கத்தி விழுந்துடும். இவன் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்துட்டு அப்புறம் சண்டை போடுவான்."

"பாலத்துச் சண்டையா? இருங்க, தேடிப் போடுறேன்."

"வேணாம்."

அவர் சொன்ன விதத்தில் யோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். சாந்தினி பார்க்கவில்லை. அவள் விரல் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது.

"சின்னப் பாட்டி, புதுக் கண்ணை டெஸ்ட் பண்ணுங்க. கறுப்பு வெள்ளை தெரியுதான்னு சொல்லுங்க."

சுவரில் மாட்டியிருந்த பெரிய தொலைக்காட்சியில் பாலம் வந்தது. கீழே ஆறு. தூணுக்குப் பின்னாலிருந்து வீரன் வெளிப்பட்டான். இடுப்பிலிருந்து வாளை உருவினான்.

இடது கையால் உருவினான்.

பரஞ்சோதி எழுந்துவிட்டார். எதிராளியும் இடது கையால்தான் வீசினான். படிக்கட்டு வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் அல்லவா இருக்க வேண்டும்.

"அது... கை மாறியிருக்கு" என்றார்.

"ஓ, அதுவா? காப்பிரைட்டுக்குப் பிடிச்சிடுவாங்கன்னு படத்தைத் திருப்பிப் போட்டிருக்காங்க தாத்தா. கண்ணாடியில பார்க்கிற மாதிரி. நிறைய பேர் இப்படித்தான் ஏத்துறாங்க. நீங்கதான் கையைப் பார்க்கிற ஆளாச்சே, கண்டுபிடிச்சிட்டீங்க."

பேத்தி சிரித்தாள். பரஞ்சோதி சிரிக்கவில்லை. அவர் இருபத்தொரு வயதில் பார்த்த அதே படம். ஆனால் அவர் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தது அல்ல.

பாடாங் மேஹா பக்கம் அவர்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தில், சம்பளம் போட்ட சனிக்கிழமைகளில் திடலில் படம் காட்டுவார்கள். இரண்டு கம்பம் நட்டு, நடுவே வெள்ளைத் துணி. துணி ஒன்றுதான், அதற்குப் பக்கம் இரண்டு. முன்பக்கம் கணக்கெழுதும் கிராணிக்கு நாற்காலி, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக்குப் பாய், பிறகு மற்றவர்கள். பின்பக்கம், சாக்கடையை ஒட்டி, கடைசி லயத்து வரிசை வீட்டுக்காரர்கள். அப்படி உட்கார வேண்டும் என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாதபடி பரஞ்சோதியின் அப்பா ராமையா மண்டோர் பார்த்துக்கொண்டார். பின்னால் உட்கார்ந்தவர்களுக்குப் படம் இடம் வலமாகத் தெரியும். கடைசி லயத்துப் பிள்ளைகளுக்கு எல்லா வீரனும் இடது கைக்காரன்தான்.

வாள் படம் போட்ட சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம், பரஞ்சோதி விளக்குமாற்றை எடுத்துக் குசினியில் அந்தச் சண்டையை நடித்துக் காட்டினார். அவருக்கு இளையவள் பிரேமாவதி, பத்தொன்பது வயது, குவளை கழுவிக்கொண்டிருந்தவள், சிரித்தாள்.

"தப்பு அண்ணே. அவன் இடது கையாலதான் வீசுவான். நான் நல்லாப் பார்த்தேனே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பெண்கள் கூட்டத்தோடு உட்காருகிறேன் என்று பாயை விட்டு எழுந்து போனவள் எந்தப் பக்கம் போயிருக்கிறாள் என்பது அந்த ஒரு வார்த்தையில் வெளியாகிவிட்டது. யாருக்காகப் போனாள் என்பதும் தெரிந்ததுதான். கடைசி லயத்து அய்யாவு பால் வாளியோடு அவள் பால்மரம் சீவும் நிரைப்பக்கம் அடிக்கடி வருகிறான் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. பிரேமாவதி அண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். "சொல்லாதீங்க" என்று கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு குனிந்து குவளையைக் கழுவினாள்.

அவள் வாய் திறந்து கேட்டிருந்தால் சொல்லாமல் இருந்திருப்பாரா? ஐம்பத்து மூன்று வருஷமாக அவர் தன்னைக் கேட்டுக்கொள்கிற கேள்வி அது. கேட்கவில்லை. இருட்டுவதற்குள் அப்பாவிடம் சொன்னார். "நீதான்டா இந்த வீட்டு மானத்தைக் காக்கப் பொறந்தவன்" என்று அப்பா அவர் தோளில் தட்டினார்.

அடி, பூட்டிய கதவு, அவசரமாகப் பேசிய ஒரு ரெண்டாந்தார மாப்பிள்ளை. பத்தாம் நாள் பிரேமாவதி கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் இறைக்கும்போது வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். இந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் அதுதான் தெரியும்.

சாவு வீட்டில் ஒன்பது வயது யோகேஸ்வரி அவர் மடியில் வந்து விழுந்தாள். அந்தச் சனிக்கிழமை அக்கா அவளையும் பின்பக்கம் கூட்டிப் போயிருந்தாள். அய்யாவு கச்சாங் பொட்டலம் வாங்கிக் கொடுத்தான். அதைச் செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் உளறிவிட்டதாகவும், அன்று சாயங்காலம்தான் அப்பா வாரை எடுத்ததாகவும் சொல்லி அழுதாள். பரஞ்சோதி அவள் தலையில் கையை வைத்து, "இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

அவள் சொல்லவில்லை. இன்றுவரை.

"அண்ணே."

யோகேஸ்வரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். நெத்திலி கையிலேயே இருந்தது. கண் திரையை விட்டு நகரவில்லை.

"இப்படித்தான் அண்ணே பார்த்தோம். இதே மாதிரி. அக்கா மடியில நான் உட்கார்ந்திருந்தேன். மத்தவங்க எல்லாம் வலது கைன்னு சொல்லும்போது, நான்தான் ஏதோ தப்பாப் பார்த்துட்டேன்னு இருந்தேன்."

"எந்த அக்கா, சின்னப் பாட்டி? கிணத்துல வழுக்கி விழுந்தாங்களே, அவங்களா?" என்றாள் சாந்தினி.

"வழுக்கி விழல தாயி." யோகேஸ்வரியின் குரல் அடங்கியே இருந்தது. "நான் தள்ளிவிட்டேன். ஒரு பொட்டலம் கச்சாங்கைத் தின்னுட்டு வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இல்லாம."

சாந்தினி பதறி எழுந்து படத்தை நிறுத்தினாள். திரையில் வீரன் இடது கையை ஓங்கியபடி நின்றான்.

யோகேஸ்வரி அண்ணனைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்கிற பார்வை அல்ல அது. எதையும் கேட்காத பார்வை. குவளையைக் கழுவக் குனிவதற்கு முன்னால் இன்னொருத்தி பார்த்த அதே பார்வை, அதே முகவெட்டு.

"சின்னப் பிள்ளைப் பேச்சு, விடு" என்று சொன்னால் போதும். பேத்தி எதிரில் அப்பாவின் பெயரும் தன் பெயரும் நிற்கும். மாலை போட்ட படத்தில் ராமையா மண்டோர் கூடத்துச் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் இதுவரை எவரும் தலை குனிந்ததில்லை என்று தீபாவளிக்குத் தீபாவளி பிள்ளைகளை நிறுத்திச் சொல்கிறவர் பரஞ்சோதிதான்.

"யோகு. நீ சொல்றதுக்கு முன்னாடியே அப்பாவுக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

வெளியே மழை தகரக் கூரையில் அறைந்துகொண்டிருந்தது.

"நான்."

யோகேஸ்வரி நெத்திலியைத் தட்டில் வைத்தாள்.

"எப்ப?"

"திங்கக்கெழம சாயங்காலம். இடது கைன்னு வாய் தவறிச் சொன்னா. அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பா உடனே அடிக்கல. மறுநாள் மாப்பிள்ளை வீட்டுல பேசி முடிச்சிட்டு வந்துதான் வாரை எடுத்தாரு. நீ அம்மாகிட்ட சொன்னது செவ்வாக்கெழம."

"திங்கள்" என்று அவள் ஒரு விரலை மடக்கினாள். "செவ்வாய்" என்று அடுத்ததை மடக்கினாள். அந்த இரண்டு விரலையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மடியில விழுந்து அழுதேனே."

"ஆமா."

"சொல்லாதேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"எனக்காகச் சொல்றீங்கன்னு நினைச்சேன் அண்ணே."

சாந்தினி தாத்தாவைப் பார்த்தாள், சின்னப் பாட்டியைப் பார்த்தாள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள். பரஞ்சோதிக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை. தங்கை காலில் விழுகிற வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை.

யோகேஸ்வரி முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"சாந்தினி, படத்தை ஓட விடு. முடிவு நான் பார்க்கல. அக்கா பாதியிலேயே எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டா."

"பாட்டி, இப்பவா? இன்னொரு நாள் பார்க்கலாம் லா."

"போடும்மா." பிறகு அண்ணன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அண்ணே, நீங்க உள்ள போங்க. நாங்க பார்க்கணும்."

அந்த வீட்டில் அவரைப் பார்த்து அப்படிச் சொன்னவர் இதுவரை யாருமில்லை. பரஞ்சோதி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதுகு வளையாமலே நடந்து தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. தொலைக்காட்சி மாட்டியிருந்த சுவர் அவருடைய அறைச்சுவர்தான். அந்தப் பக்கம் வாள்கள் மோதின. ஆறு ஓடியது. யாரோ ஒருத்தி நேரமெடுத்து அழுதாள். இங்கிருந்து படம் தெரியாது, சத்தம் மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் யோகேஸ்வரி ஏதோ சொன்னதும் சாந்தினி பதில் சொன்னதும் கேட்டது. அப்புறம் மெல்லிய சிரிப்பு ஒன்று. யோகேஸ்வரி சிரித்து அவர் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதால், அது அவளுடைய சிரிப்புதானா என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

பரஞ்சோதி போகவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, படம் முடிகிறவரை அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.