விருந்துக்கு வந்தவர்கள்

தையல்காரி பள்ளிக்கூட மண்டபத்துக்குள் நுழைந்தாள். மேசைகளை ஒட்டிப் போட்டு, அவள் குடியிருக்கும் தெருவைப் பெரிய வரைபடமாக விரித்து வைத்திருந்தார்கள். கதவோரம் தெருவின் வாடகைக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் நின்றிருந்தார். எந்த வீட்டில் யார் கூடுதலாகத் தூங்குகிறார்கள் என்று வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே கண்டுபிடிக்கிற மகானுபாவர். தெருவில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர்.

வாடகை ஒப்பந்தத்தில் இல்லாத ஆள் தங்கினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தையல்காரி வீட்டிலோ, அலமாரியைக் குறுக்கே நிறுத்தி, அதற்குப் பின்னால் நாத்தனாரும் அவள் மகளும் குடியிருந்தார்கள். நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. முதல் பஸ் கிளம்புவதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். நடந்து போகிற தூரம் என்பதால்தான் வேலை கையில் இருந்தது.

அந்தத் தெருவில் ஆளை ஒளித்து வைக்காத வீடே கிடையாது. பேசுகிற மொழி வேறு, கும்பிடுகிற சாமி வேறு. பொய் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்று. “விருந்துக்கு வந்திருக்காங்க.”

பழைய வீடுகளை இடித்துப் புதுக் கட்டடம் கட்டும் திட்டத்தின் அதிகாரி சின்ன வயதுப் பெண். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் வரைபடத்தில் ஒரு குண்டூசி குத்தச் சொன்னாள். நடந்து வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிவப்பு, பஸ்ஸில் போகிறவர்களுக்கு நீலம், மற்றவர்களுக்கு வெள்ளை. ஆளைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று தெருவே முன்கூட்டிப் பேசி வைத்திருந்தது. மோப்பக்காரரின் பார்வை முதுகில் ஊர, ஒப்பந்தத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் குத்திவிட்டு எல்லோரும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்தார்கள். தையல்காரியும் கணவனுக்கும் மகன்களுக்கும் தனக்கும் குத்திவிட்டு வந்தாள்.

அதிகாரி வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். “நான் நெனச்சதுல பாதிப் பேர்தான் இருக்கீங்க. அப்ப புதுக் கட்டடம் இவ்வளவு பெருசா வேண்டாம். விடிகாலை பஸ்ஸும் தேவையில்ல. ஊசி இருக்கிறவங்க எல்லாருக்கும் இதே தெருவுல வீடு உண்டு. இன்னிக்கோட கணக்கு முடிஞ்சிடும்.”

பக்கத்து வீட்டு முடிதிருத்துகிறவர் வாயைத் திறந்தார். மோப்பக்காரரைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். தையல்காரிக்கு இப்போதுதான் புரிந்தது. தப்பிக்கிறோம் என்று நினைத்துத் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதிகாரி, முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மகளிடம் குனிந்தாள். “பாப்பா, இதுல உங்க வீடு எது?”

“எங்களுக்கு வீடு இல்ல. நாங்க விருந்துக்கு வந்திருக்கோம். ஞாயித்துக்கிழமை போயிடுவோம்.”

ஒரு தடுமாற்றம் இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். மிட்டாய் கொடுத்துக் கொடுத்து அதை மனப்பாடம் செய்ய வைத்தவளே தையல்காரிதான். பின்வரிசையில் நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி “அப்படியா, சரி” என்று ஊசி டப்பாவை மூடப் போனாள்.

“மூடாதீங்க!”

தன் குரல்தான் என்பதே தையல்காரிக்கு உறைக்கச் சற்று நேரமானது. நாத்தனார் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். “அண்ணி, வேணாம். உங்களையும் சேத்துத் தொரத்திடுவாங்க.”

தையல்காரி உதறிக்கொண்டு போனாள். நாளெல்லாம் ஊசி பிடிக்கிற கையால் டப்பாவிலிருந்து எடுத்து, சிவப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றும் தன் வீட்டின்மேல் குத்தினாள்.

“அது யாருக்கும்மா?” என்றார் மோப்பக்காரர், மிகவும் மரியாதையாக.

“என் நாத்தனாருக்கும் அவ பொண்ணுக்கும். விருந்தாளி இல்ல. எங்க வீட்டு ஆளுங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் நாலு பேராவது எழுந்து வருவார்கள் என்று நம்பியிருந்தாள். யாரும் அசையவில்லை. முடிதிருத்துகிறவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை ஓடி வந்து அவள் கையைப் பிடித்தது. “அத்தை, உண்மையச் சொன்னா தொரத்திடுவாங்கன்னு சொன்னியே?”

தையல்காரி அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி மோப்பக்காரரைப் பார்த்தாள். அவரோ குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். “நேரமாச்சு பாப்பா. வீட்டுக்குப் போங்க.”

எந்த வீட்டுக்கு என்று தெரியாமலே தையல்காரி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.