நாலு சில்லும் இழுக்கிற வாகனம்

இவர் மூன்றாவது வாகனத்துக்கு அடியிலும் தலையைக் கொடுத்துவிட்டார். கோலியர்ஸ் வுட்டில் ஒரு சுப்பர்மார்க்கெற்றின் முதுகுப்பக்கம் நிசாந்தனின் பழைய கார் விற்கும் யார்ட். மழை என்று சொல்ல வாய் வராத ஒரு தூறல். வெளியே தெரிந்தது இவருடைய கால் இரண்டும்தான். போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த நல்ல காற்சட்டை முழங்காலடியில் ஊறிக்கொண்டிருந்தது. நான் குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். டூட்டிங்கில் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் காலையிலிருந்து சிரித்துச் சிரித்துக் களைத்துப்போய் வந்திருந்தேன். கண் தானாகச் சொருகியது. நின்றபடியே நித்திரை கொள்ள எனக்கு ஏலும். பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் அது ஏலும்.

முன்பெல்லாம் இவருடைய வேலை குறொய்டனில். மருந்துப் போத்தல் செய்யும் தொழிற்சாலையில் மெசின்களைப் பார்க்கிற எஞ்சினியர். வேலை முடிந்தால், இங்கிருந்து நோர்பரியில் எங்கள் வீட்டுக்குப் போய்ச்சேருகிற நேரத்துக்குள் வந்துவிடுவார். போன மாரியில் அந்தத் தொழிற்சாலையைப் பிடுங்கிக்கொண்டுபோய் வின்செஸ்டருக்கும் அப்பால் நட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மனுசன் விடிய முதல் போகிறார், கறி ஆறியபிறகு வருகிறார். வந்து சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தால் பாதிச் சோற்றில் தலை தொங்கும். ஒருநாள் நெடுஞ்சாலையில் கண்ணயர்ந்து, வாகனம் கோட்டைத் தாண்டியபிறகுதான் முழித்தாராம். அதைக்கூட எனக்குச் சொல்லவில்லை. லீட்ஸில் படிக்கிற எங்கள் மகள் தக்ஷிகாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் வழியாகத்தான் எனக்கு வந்தது. எனக்கு அன்று வந்த கோபத்துக்கு ஒரு கிலோ வெங்காயம் வெட்டினேன்.

இதற்குள் கண்டறியாத மான் வேறு. அங்கே கூட வேலை செய்கிற ஜெராட் என்ற வெள்ளைக்காரனுக்கு, பக்கத்துப் பண்ணைக் காட்டில் மான் சுட அனுமதி இருக்கிறது. பெருகிப் பயிரைத் தின்கிறதாம், சுடத்தான் வேண்டுமாம். ஒரு சனிக்கிழமை இவரையும் கூட்டிக்கொண்டு போனான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. துவக்கு என் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஒரு யுத்தம் காணாதா எனக்கு? துவக்கு ஜெராட்டினுடையது, அவனுடைய வீட்டிலேயே கிடக்கிறது. இறைச்சி மட்டும் வரும். அது வந்த நாளில் நோர்பரித் தமிழர் ஊர் வழக்கப்படி பங்கு போட ஆரம்பித்தார்கள். ஆட்டுப் பங்குபோல மான் பங்கு. எலும்பு சேர்ந்த பங்கு, ஈரல் சேர்ந்த பங்கு என்று நாலு வீட்டுக்காரர் என் குசினியில் நின்று கதைப்பார்கள். வெள்ளி செவ்வாயில் மட்டும் நான் விடுவதில்லை.

போன மாரியில் எங்கள் சின்னக் கார் பண்ணை ஒழுங்கைச் சேற்றில் புதைந்து, ஒரு டிராக்டர் வந்து இழுத்ததாம். அதனால்தான் இந்தத் தேடல். நாலு சில்லும் இழுக்கவேண்டும். தினமும் அந்தத் தூரம் ஓட எண்ணெய் குறைவாகக் குடிக்கவேண்டும். லண்டனுக்குள் புகை கக்குகிற வாகனத்துக்கு அறவிடுகிற கட்டணம் வரக்கூடாது. பங்குக்காரருக்கு இதில் இல்லாத அக்கறை இல்லை. நாங்கள் யார்டுக்குள் நிற்கும்போதே அடுத்த தெரு ஞானரட்ணம் அண்ணை எனக்குப் போன் எடுத்துவிட்டார்.

"தங்கச்சி, சின்னனா எடுக்க விடாதை. ரெண்டு மான் நீட்டிக் கிடக்கவேணும், சொல்லிப்போட்டன்!"

"ஓமண்ணை, ஒரு லொறியே எடுக்கச் சொல்லுறன்," என்று வைத்துவிட்டேன்.

இவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். முகத்தில் ஒரு சிறுபிள்ளைச் சந்தோசம்.

"அடித்தகடு ஒரு இடமும் கறள் பிடிக்கேல்லை. நீர் என்ன சொல்லுறீர்?"

"நான் என்னத்தைச் சொல்ல? நிறம் நல்லாயிருக்கு."

ஈரமான பாசியின் பச்சை அது. பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுகிற வகை என்றான் நிசாந்தன். தாடியை வாரிக்கொண்டே, "ஹைபிரிட் அண்ணை. கலனுக்கு அம்பது மைலுக்குக் கிட்ட ஓடும். சேத்துக்கை இறக்கினா பின்சில்லும் தானாப் பிடிக்கும். முந்தி வைச்சிருந்தவர் ஒரு மிருக வைத்தியர். அவரின்ரை நாய் மட்டும்தான் உதுக்குள்ளை சவாரி," என்றான்.

பின்கதவைத் திறந்தபோது ஈரநாய் மணம் இலேசாக வந்தது. உள்ளே கரையுயர்ந்த றப்பர் தட்டம். இரத்தம் வடிந்தாலும் குழாயைப் பிடித்துக் கழுவலாம் என்று இவர் மெதுவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை இதிலேதான் கோயிலுக்கும் போகவேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன். சரி, எங்கள் கடவுள்களும் மான் தோலில் இருந்தவர்கள்தானே.

பிறகு நிசாந்தன் பின்சீற்றுகளை மடித்தான். "முன்பக்கமும் சாயும் அண்ணை," என்று ஒரு பிடியை இழுத்தான். எனக்கான முன்சீற் முதுகை வளைத்து, மடிந்து, தட்டையாகப் படுத்துவிட்டது. பின்கதவிலிருந்து முன்கண்ணாடிவரை ஒரே தளம்.

அந்தச் சீற் மடிந்தது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இவர் சப்பாத்தைக் கழற்றினார். சோடியாக நிலத்தில் வைத்தார். உள்ளே ஏறி, மல்லாந்து, நீட்டி நிமிர்ந்து படுத்தார். அளவு பார்க்கிறாராம். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினார். மேலே கண்ணாடிக்கூரை. அதில் விழுந்த வெளிச்சம் தூறலோடு சேர்ந்து இவர் முகத்தில் அசைந்தது. ஒரு நிமிடத்தில் நெற்றிக் கோடெல்லாம் கரைந்துபோனது. எங்கள் கட்டிலில் இப்படி ஒரு முகத்தை நான் கண்டு கனகாலம்.

"திங்கள் போனா வியாழன் வரலாம்," என்றார், கண்ணைத் திறக்காமலே. "ஜெராட்டின்ரை காட்டுக் கரையிலை விட்டிட்டு, உதுக்குள்ளையே படுக்கலாம். வேலைக்குப் பத்து நிமிசம். ஓடுற அலுப்பு இல்லை."

குடையை எப்போது மடித்தேன் என்று தெரியவில்லை. தலை நனைந்துகொண்டிருந்தது. இவர் வாகனமா பார்த்தார் இவ்வளவு நாளும்? வீடல்லவா பார்த்திருக்கிறார். ஒரு ஆள் படுக்கிற வீடு.

"உங்களுக்கு என்ன விசரே?" என்றேன். நிசாந்தன் மெல்ல அடுத்த காரின் கண்ணாடியைத் துடைக்கப் போனான். "நாலு நாள் காட்டுக்கை கிடக்கப்போறியள். நான் ஆரோடை கதைக்கிறது? சுவரோடையோ? அதைக் காருக்குக் கீழை கிடந்துதான் யோசிச்சனீங்களோ?"

"கலா, நான் ரோட்டிலை செத்துப்போடுவன் எண்டு பயமாக் கிடக்கு."

கண்ணை மூடியபடிதான் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக நெஞ்சுக்குள் நின்றன. கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் பயம் என்ற சொல்லை இவர் வாயில் நான் கேட்டதில்லை, ஊரில் குண்டு விழப் பங்கருக்குள் இருந்தபோதுகூட.

"அதை முதல் எனக்கெல்லோ சொல்லவேணும்."

"சொன்னா நீர் வேலையை விடச் சொல்லுவீர்."

"சொல்லுவன்தான். பிறகு இருந்து கதைச்சிருப்பம்தானே."

இவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். பிறகு, தனக்குச் சொல்வதுபோல, "கன நாள் நான் சுடுறேல்லை," என்றார். "ஜெராட் கேப்பான், ஏன் விட்டனீ எண்டு. விடியப்புறம் பனிப்புகார் காலடியிலை நிக்கும். ஒரு சத்தமில்லை. ஒரு மான் வந்து நிண்டு, மூக்கைத் தூக்கிப் பாக்கும். அது என்னட்டை ஒண்டும் கேக்காது. எனக்கு அழுகை வரும் கலா. ஏனெண்டு தெரியாது."

நான் இந்த மனுசனுக்குச் சோறு போட்டு, உடுப்புத் தோய்த்து, காய்ச்சலுக்கு நெற்றியில் பற்றுப் போட்டிருக்கிறேன். இவர் காட்டுக்குள் இருந்து அழுவது மான்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மானைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பொம்பிளை லண்டனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செருப்பைக் கழற்றினேன். சேலைக் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்காலை றப்பர் தட்டத்தில் ஊன்றி ஏறினேன். "அக்கா, கவனம்," என்று நிசாந்தன் ஓடிவந்தான்.

"தள்ளிப் படுங்கோ," என்றேன்.

"என்ன செய்யிறீர்?"

"ரெண்டு பேர் படுக்கேலுமோ எண்டு பாக்கவேணும். தள்ளுங்கோ."

தள்ளினார். மடிந்து கிடந்த என் சீற்றின் மேல் தலை வைத்துப் படுத்தேன். இடுப்புக்குக் கீழே ஏதோ ஒரு கொளுக்கி குத்தியது. தோளும் தோளும் முட்டின. இடம் காணாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. இவருடைய சேட்டில் காரெண்ணெயும் ஈரமும் மணத்தன. மேலே கண்ணாடியில் துளிகள் ஒன்றையொன்று தேடி ஓடிச் சேர்ந்து வழிந்தன. அவற்றுக்கு மேலே மரமில்லை, வெறும் சாம்பல் வானம்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டே கிடக்க, வீதிச் சத்தம் எங்கோ தள்ளிப்போய்விட்டது.

"நிசாந்தன், ஒருக்காக் கதவைச் சாத்தும் தம்பி," என்றேன்.

"அக்கா, அண்ணை எடுக்கிறதெண்டா…"

"சாத்தும், சொல்லுறம்."

பின்கதவு மெதுவாக இறங்கி மூடியது. உலகம் நின்றுவிட்டது. எங்கள் மூச்சுக்கு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளுக்கத் தொடங்கின. திங்களைப்பற்றி நான் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. யார்ட் போனது, வானமும் பாதி போனது, எல்லாப் பக்கமும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு நிழல் மெல்ல நடந்து வந்தது. நிசாந்தனாகத்தான் இருக்கவேண்டும். இரண்டடி வைத்தது, நின்றது, தலையை உயர்த்தி எங்களைப் பார்ப்பதுபோல நின்றது.

"அசையாதையும்," என்றார் இவர், காதுக்குள், மூச்சாலே.

நான் அசையவில்லை.